போட்ட கையெழுத்தும் போடாத கையெழுத்தும்

2022 அக்டோபரில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் பெண் வீட்டில் இருந்தோம். நம் அங்கத்தினர்களில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. காலையில் காபி, பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது, அப்புறம் சாயங்காலம் வரை ஜன்னல் வழியே இலை உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்படி ஒரு நாள் தேர்தலுக்கான மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று மேஜைமேல் கிடந்தது. கவர்னரில் தொடங்கி ஏகப்பட்ட பதவிகள். நடுவில் 'ஜெனரல் கோர்ட் செனட்டர்' என்று ஒன்று. கோர்ட் என்றிருப்பதால் நீதிபதி பதவி போலும் என்று நினைத்தேன். பெண்ணைக் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளைதான் சொன்னார், அந்த மாநிலத்தில் சட்டசபைக்கே ஆதிகாலம் முதல் ஜெனரல் கோர்ட் என்றுதான் பெயராம். இது அதன் மேல்சபைக்கான தேர்தல்.

நமக்கு மேல்சபை என்றால் பட்டதாரிகள், ஆசிரியர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவதும், சிலரைக் கவர்னர் நியமிப்பதுமாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் 1986-லேயே அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஐம்பது மாநிலங்களிலும் செனட் உண்டு. (நெப்ராஸ்காவில் ஒரே சபைதான், ஆனால் அதன் உறுப்பினர்களையும் செனட்டர் என்றே அழைக்கிறார்கள்.) மாநிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் மக்களே நேரடியாக செனட்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்காவில் 20 பேர், மின்னஸோட்டாவில் 67 பேர், மாஸசூஸெட்ஸில் 40 பேர். இந்த 40 என்ற எண்ணிக்கை இருநூறு வருஷத்துக்கு முன்பும் நாற்பதுதான். தொகுதிகளுக்கு நம்பர்கூடக் கிடையாது. மாவட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். என் பெண் இருக்கும் தொகுதி 'இரண்டாவது எஸ்ஸெக்ஸ்-மிடில்ஸெக்ஸ்'.

எஸ்ஸெக்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் எங்கோ படித்த ஞாபகம் வந்தது. உள்ளூர் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே அறிமுகமானவர்தான் எல்பிரிட்ஜ் கெர்ரி. தொகுதிகளைக் கோணல்மாணலாக வெட்டிக் கட்சிக்கு லாபம் தேடுவதற்கு 'ஜெர்ரிமாண்டரிங்' என்று உலகம் முழுதும் சொல்கிறார்களே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். இவ்வளவு பெரிய மனிதரை ஒரே ஒரு கெட்ட வார்த்தையாக ஞாபகம் வைத்திருக்கிறோமே என்று எனக்கு அன்று ஏற்பட்ட சங்கடமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கெர்ரி 1744 ஜூலை 17 அன்று மார்பிள்ஹெட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்த கப்பல் தலைவர், பிறகு வியாபாரி. வியாபாரம் என்ன என்று சொன்னால் நம் வாசகர்கள் முகம் சுளிக்கலாம், கருவாடு! காட் மீனை உப்பிட்டு உலர்த்தி ஸ்பெயினுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். அதில் வந்த செல்வத்தில் பையன் ஹார்வர்டில் படித்தார். 1762-இல் பட்டம், 1765-இல் மேல்பட்டம். மேல்பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளே, வியாபாரத்தை நாசமாக்கும் வரிகளைப் பிரஜைகள் ராஜவிசுவாசம் குறையாமல் தட்டிக்கழிக்கலாமா என்பது. தட்டிக்கழிக்கலாம் என்று வாதாடினார். கருவாட்டு வியாபாரியின் பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்?

1772-இல் அதே ஜெனரல் கோர்ட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸாமுவேல் ஆடம்ஸின் நட்பு கிடைத்தது. அடுத்த வருஷம் ஊரில் பெரியம்மை வந்தது. கெர்ரியும் சில நண்பர்களும் பக்கத்துத் தீவில் சொந்தச் செலவில் அம்மை குத்தும் ஆஸ்பத்திரி ஒன்று கட்டினார்கள். அந்தக் காலத்து முறைப்படி, நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்ததையே நல்ல உடம்பில் ஏற்றுவார்கள். ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆஸ்பத்திரியால் நோய் ஊருக்குள் பரவுகிறது என்று ஜனங்களுக்குக் கோபம். 1774 ஜனவரியில் ஒரு கூட்டம் ஆஸ்பத்திரியைக் கொளுத்திவிட்டது. கெர்ரி மனம் நொந்து சில காலம் பொதுவேலையே வேண்டாம் என்று ஒதுங்கினார். ஜனங்கள்மேல் பாசமும், ஜனக்கூட்டத்தின்மேல் பயமும் அவருக்குக் கடைசிவரை சேர்ந்தே இருந்தன. அந்த நெருப்பில்தான் அது ஆரம்பித்தது என்பது என் அபிப்பிராயம்.

1775 ஏப்ரல் 18 இரவு நடந்தது ஒரு வேடிக்கை. மறுநாள்தான் லெக்ஸிங்டனில் முதல் துப்பாக்கி வெடித்தது. கெர்ரியும் ஜெரமையா லீ, ஏஸர் ஆர்ன் என்ற இரு நண்பர்களும் மெனோடமி என்ற ஊரில் ஒரு விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்த வழியாக அணிவகுத்து வந்தார்கள். சிலர் விடுதியைச் சோதனைபோட வருவது தெரிந்ததும் மூவரும் இரவு உடையோடு பின்பக்கமாக ஓடி, வயல்வெளியில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஏப்ரல் மாதம் அங்கே எப்படிக் குளிரும் என்று பெண் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். கெர்ரி தப்பித்தார். லீ அதற்குச் சில வாரங்களில் காய்ச்சலில் இறந்துபோனார்.

பிறகு படைக்குத் துப்பாக்கி மருந்து, துணிமணி, தானியம் சேகரித்துத் தரும் வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தார். 1776-இல் கான்டினென்டல் காங்கிரஸுக்குப் போனார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐம்பத்தாறு பேரில் ஒருவர். மாநிலங்களின் முதல் கூட்டமைப்பு ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடினார்கள். அங்கே பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் தீராத சண்டை. ஜனத்தொகைப்படி இடமா, மாநிலத்துக்கு ஒரே அளவா? கீழ்சபைக்கு ஜனத்தொகை, செனட்டுக்குச் சம அளவு என்று சமரசம் செய்த குழுவுக்குத் தலைவர் நம் கெர்ரிதான். நான்கு மாதம் உட்கார்ந்து பேசி, வாதாடி, குறைகளைச் சுட்டிக்காட்டி, செப்டம்பர் 17 அன்று கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது அவர் போடவில்லை. 39 பேர் போட்டார்கள். மறுத்தவர்கள் மூன்று பேர்: ஜார்ஜ் மேஸன், எட்மண்ட் ராண்டால்ஃப், கெர்ரி. தனிமனித உரிமைகளைப் பட்டியலிட்டுச் சேர்க்காத சட்டத்தில் என் பெயர் வேண்டாம் என்பது அவர் நிலை. வாஷிங்டன் தலைமை நாற்காலியில் இருக்கிறார், ஃப்ராங்க்ளின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அப்படிப்பட்ட அறையில் பேனாவை எடுக்காமல் இருப்பது லேசான காரியமா? ஊரில் பல பேர் ஏசினார்கள். ஆனால் நான்கே வருஷத்தில், 1791-இல், உரிமைகளின் பட்டியல் பத்துத் திருத்தங்களாகச் சட்டத்தில் சேர்ந்தது. அப்போது கெர்ரி காங்கிரஸில் உறுப்பினராக இருந்தார்.

1786-இல் தம்மைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவரான ஆன் தாம்ப்ஸனை மணந்து, மறுவருஷம் கேம்பிரிட்ஜில் எல்ம்வுட் என்ற பெரிய வீட்டில் குடியேறினார். (பின்னாளில் அது ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரின் இல்லமானது.) 1797-இல் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் இவரையும் வேறு இருவரையும் பிரான்சுக்குத் தூது அனுப்பினார். பிரெஞ்சு மந்திரி தாலிரான் ஆட்களை அனுப்பி லஞ்சம் கேட்டார். மற்ற இருவரும் கிளம்பிவிட்டார்கள். தாமும் போனால் யுத்தம் வரும் என்று பயந்து கெர்ரி மட்டும் தங்கினார். அவர் பாரிஸில் இருந்தபோது இங்கே விரோதிகள் எல்ம்வுட் வாசலில் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். உள்ளே மனைவியும் சின்னக் குழந்தைகளும். ஃபெடரலிஸ்ட் கட்சிமேல் அவருக்கு ஆறாத கசப்பு ஏற்பட்டது அப்போதுதான். 1798 அக்டோபரில் திரும்பி வந்தவர் நாளடைவில் ஜெஃபர்ஸனின் ரிபப்ளிகன் கட்சியில் சேர்ந்துவிட்டார். (இது இன்றைய ரிபப்ளிகன் கட்சி அல்ல.) கவர்னர் பதவிக்கு நின்று நின்று தோற்றார். நடுவில் சகோதரர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் நின்று சொத்தில் பெரும்பகுதியை இழந்தார்.

கடைசியில் 1810-இல் கவர்னரானார். முதல் வருஷம் இரு கட்சியையும் அணைத்துப் போனார். 1811-இல் மறுபடி ஜெயித்தபோது ஆள் மாறிவிட்டார். எதிர்க்கட்சி உத்தியோகஸ்தர்களை நீக்கித் தம் கட்சிக்காரர்களை வைத்தார். பாஸ்டன் பத்திரிகைகளில் வரும் அவதூறுகளைச் சட்ட அதிகாரிகளைக் கொண்டு எண்ணவே வைத்தார்! இங்கிலாந்தோடு யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி ராஜத்துரோகம் செய்கிறது என்று உண்மையாகவே நம்பினார்.

இந்த நிலையில்தான் செனட் தொகுதி மசோதா வந்தது. அதுவரை செனட் தொகுதிகள் பெரும்பாலும் மாவட்ட எல்லையையே ஒட்டியிருந்தன. அவர் கட்சியின் சட்டசபைப் பெரும்பான்மை மாவட்டங்களை உடைத்து, தங்களுக்குச் சௌகரியமாகப் புதிய கோடு போட்டது. எழுதியது கெர்ரி அல்ல. அவருக்கு இது பிடிக்கவில்லை என்றே அவர் வாழ்க்கையை எழுதிய மருமகன் ஆஸ்டின் பதிவு செய்திருக்கிறார். ஆனால் மறுக்கும் அதிகாரம் கவர்னருக்கு இருந்தது. மறுக்கவில்லை. 1812 பிப்ரவரி 11 அன்று கையெழுத்திட்டார்.

கோடு போடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு காலனியில் 25 வீடு. 15 வீடு ஒரு கட்சி, 10 வீடு எதிர்க்கட்சி. ஐந்தைந்து வீடாக ஐந்து தொகுதி போட வேண்டும். பெரிய கட்சியின் பத்து வீடுகளை இரண்டு தொகுதிகளில் மொத்தமாக அடைத்துவிடுங்கள். அங்கே அவர்கள் அமோக வெற்றி. மிச்சம் மூன்று தொகுதியில் அவர்களுக்கு ஐந்தே வீடு, எதிர்க்கட்சிக்குப் பத்து. நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு என்று பிரித்தால் சிறிய கட்சி மூன்று தொகுதியிலும் ஜெயிக்கும். ஒரு ஓட்டுக்கூடத் திருடவில்லை. கள்ள ஓட்டு இல்லை. பென்சில் மட்டும்தான்.

எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் அந்தப் பென்சில் செய்த வேலை அபாரம். தெற்கே செல்ஸியில் ஆரம்பித்து லின், மார்பிள்ஹெட், ஸேலம், டான்வர்ஸ், மிடில்டன், ஆண்டோவர், மெதுவென், ஹேவரில், ஏம்ஸ்பரி என்று மாவட்டத்தைச் சுற்றி வளைந்து வடகிழக்கே ஸாலிஸ்பரியில் முடியும் ஒரே தொகுதி. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெஸட்' பத்திரிகை அந்த வரைபடத்துக்குச் சிறகும் நகமும் பல்லும் வைத்து ஒரு பிராணியாக வெளியிட்டது. வரைந்தவர் எல்கானா டிஸ்டேல் என்கிறார்கள். ஸாலமாண்டர் என்ற பிராணியின் பெயரோடு கவர்னர் பெயரை ஒட்டி 'கெர்ரிமாண்டர்' ஆக்கினார்கள். பெயரை வைத்தவர் யார் என்பதில் இன்றும் சண்டை. கெர்ரி பிறந்த மார்பிள்ஹெட் அந்தப் பிராணியின் கால் நகத்தருகே இருக்கிறது. என் பெண்ணின் ஆண்டோவர் முதுகில்!

இங்கே ஒரு இடைச்செருகல். நான் 1970-இல் விலங்கியலில் பி.எஸ்ஸி. தேறியவன். ஸாலமாண்டர் தவளை இனத்தைச் சேர்ந்த நீர்நில வாழ்வி, ஆனால் வாலுள்ளது, சிறகெல்லாம் கிடையாது. நம் நாட்டில் டார்ஜிலிங் பக்கம் ஜோர்போக்ரியில் இதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. விடுமுறைப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு போனபோது, குளத்தங்கரையில் இரண்டு மணி நேரம் நின்றும் ஒன்றுகூட கண்ணில் படவில்லை. காலை வெட்டினால் மறுபடி முளைத்துவிடும் என்பது இதன் விசேஷம். பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ.

அந்த ஏப்ரலில் தேர்தல். (அப்போது வருஷாவருஷம் தேர்தல், இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.) செனட்டுக்கு ஃபெடரலிஸ்ட் கட்சி வாங்கிய ஓட்டு 51,766. கிடைத்த இடம் 11. கெர்ரியின் கட்சி வாங்கியது 50,164. கிடைத்தது 29. எஸ்ஸெக்ஸில் முன்பு ஐந்து செனட்டர்களும் ஃபெடரலிஸ்டுகள். இப்போது மூன்று பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கவர்னர் பதவிக்கு மட்டும் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி அல்லவா? அங்கே பென்சிலுக்கு வேலை இல்லை. கெர்ரி தோற்றுப்போனார். அவர் கையெழுத்தால் எல்லோரும் பிழைத்தார்கள், அவர் ஒருவரைத் தவிர. ஜனங்களின் ஆத்திரத்தில் அந்தச் சட்டமும் வெகுநாள் நிற்கவில்லை.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மத்திய இந்தியாவில் உத்தியோகம் பார்த்தவன். சர்வீஸில் சேர்ந்த புதிதில், 1971 ஜனகணனைப் புள்ளிகளைப் பட்வாரி ஹல்கா வரைபடங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை. டிரேசிங் காகிதம், கலர் பென்சில், கண் எரிச்சல். பல வருஷம் கழித்து ஒரு மாவட்டத்தில் ஓட்டுச்சாவடிப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. மாவட்டம் எது என்பது வேண்டாம். ஒரு சின்னக் கிராமத்தை அணைத் தேக்கத்துக்கு அக்கரையில் இருந்த சாவடியோடு சேர்த்திருந்தார்கள். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் படகு இல்லாவிட்டால் தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு அரை நாள் நடக்க வேண்டும். நேரில் போய்ப் பார்த்தவன் நான். ஃபைலில் அப்படியே குறிப்பும் எழுதினேன். குறிப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் பட்டியல் போடும்படி மேலே இருந்து சொன்னார்கள். பெண்ணுக்கு அப்போது மூன்று வயது, வெளியூர் மாற்றல் வேறு தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஓட்டு நாளன்று அந்தக் கிராமத்திலிருந்து இளவட்டங்கள் சிலர் வந்தார்கள். வயதான பெண்கள் யாரும் வரவில்லை. பட்டியலின் கீழே இருப்பது மேலதிகாரியின் பெயர் அல்ல, என் பெயர். அடுத்த தேர்தலுக்குள் நான் மாற்றலாகிவிட்டேன். அதனால்தானோ என்னவோ, 1787-இல் பேனாவைத் தொடாத கெர்ரியைவிட, 1812-இல் தொட்ட கெர்ரியை எனக்கு அதிகம் புரிகிறது.

அவர் கதை அதோடு முடியவில்லை. 1812 ஏப்ரலில் உப ஜனாதிபதி ஜார்ஜ் கிளின்டன் காலமாகிவிட, அடுத்த தேர்தலில் மாடிஸன் தமக்குத் துணையாகக் கெர்ரியை ஏற்றார். வேடிக்கை என்னவென்றால், முதல் காங்கிரஸ் தேர்தலில் இதே மாடிஸனைத் தோற்கடிக்க வர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றியின் ஆட்கள் தொகுதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மாடிஸன் அதையும் மீறி ஜெயித்தார். அப்போது அந்த வித்தைக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். 1813 மார்ச்சில் கெர்ரி பதவி ஏற்றார். 1814 நவம்பர் 23 அன்று வாஷிங்டனில் செனட்டுக்குத் தலைமை வகிக்கப் போகும் வழியில், வண்டியிலேயே நெஞ்சு நோவு வந்து இறந்தார். வயது 70. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அந்தத் தலைநகரில் அடக்கமானவர் இவர் ஒருவர்தான். வைத்துவிட்டுப் போனது கடன். உப ஜனாதிபதிக்கு மிச்சமிருந்த காலத்துச் சம்பளத்தை விதவைக்குத் தரலாம் என்று செனட் சம்மதித்தது, கீழ்சபை மறுத்துவிட்டது. ஆன் அம்மாள் 1849 வரை இருந்தார். பிரகடனக்காரர்களின் மனைவியரில் கடைசியாகக் காலமானவர் அவர்தான். எல்பிரிட்ஜ் என்ற பெயரையே தாங்கிய பேரன் ஒருவர் பின்னாளில் நியூயார்க்கில், குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

செனட் தொகுதி விஷயம் அப்புறமும் ஓயவில்லை. கோடு போட்டுக் கெடுத்தது ஒரு விதம். கோட்டைத் தொடாமலே விட்டுக் கெடுத்தது இன்னொரு விதம். அலபாமாவில் 1960 கணக்குப்படி 15,417 பேர் இருந்த லவுண்டஸ் மாவட்டத்துக்கும் ஒரு செனட்டர், ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த ஜெஃபர்ஸன் மாவட்டத்துக்கும் ஒரே செனட்டர். 1964 ஜூனில் உச்சநீதிமன்றம் இது செல்லாது, மாநிலத்தின் இரு சபைகளிலும் தொகுதிகள் ஜனத்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஜனத்தொகை சமமாக இருந்தும் கட்சி லாபத்துக்காகக் கோணலாக வெட்டினால்? அதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நாட்டில் ஓய்வுபெற்ற அல்லது பதவியில் உள்ள நீதிபதியின் தலைமையில் தனி ஆணையம் கோடு போடுகிறது. அங்கே பல மாநிலங்களில் ஜெயித்தவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

ஊருக்குத் திரும்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை மார்பிள்ஹெட்டுக்குக் காரில் கூட்டிப்போனார். வாஷிங்டன் தெருவில் கெர்ரியின் வீடு இன்னும் நிற்கிறது. சாதாரண மரவீடு, வாசலோடு நின்று பார்த்தோம். பேரன் பலகையைப் படித்து, இதுதான் ஜெர்ரி தாத்தா வீடா என்று உரக்கக் கேட்டான். நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன பெரியவர் ஒருவர் நின்று, ஜெர்ரி இல்லை, கெர்ரி என்று பொறுமையாகத் திருத்தினார். பேரன் இரண்டு தரம் சொல்லிக்காட்டிய பிறகுதான் அவர் நகர்ந்தார்.